வசேமதாவின் நாற்பத்தெட்டு நிமிடங்கள்

வசேமதா பதினோரு வருடம் கப்பலில் வேலை பார்த்தவள். சுவாவில் கிளம்பி கோரோ, சவுசவு, தவேயுனி என்று தீவு தீவாகப் போய்வரும் பயணிகள் கப்பலில் சீட்டு பார்ப்பது அவள் வேலை. பன்றிக்குட்டியைச் சாக்கில் கட்டி மடியில் வைத்துக்கொண்டு ஏறுகிறவர்களைக் கீழ்த்தளத்துக்கு விரட்டுவாள். கவா என்ற வேர்ச் சாற்றைப் போதைக்குக் குடித்துவிட்டுப் படிக்கட்டில் சரிந்து கிடப்பவர்களைத் தோளைப் பிடித்துத் தூக்கி ஓரமாக உட்கார வைப்பாள். இந்தக் கோடியில் அவள் குரல் கேட்டாலே அந்தக் கோடியில் இருப்பவன் பையில் சீட்டைத் துழாவ ஆரம்பித்துவிடுவான். ஒரே இடத்தில் அரைமணி நேரம் சேர்ந்தாற்போல் உட்கார்ந்ததாக அந்த நாட்களில் அவளுக்கு நினைவே இல்லை.

பிறகு கப்பலைப் பழைய இரும்புக்கு விற்றார்கள். அதே வருடம் புயலுக்குப் பின் கூரைத் தகரத்தை ஆணியடிக்க ஏறிய அவள் கணவன் எரோனி கால் வழுக்கிக் கீழே விழுந்தான். நவுசோரி பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவன், ஐந்து மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டுச் சக்கர நாற்காலியில் வீடு திரும்பினான். இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. மகள் லவுடோகாவில் நர்ஸ் படிப்பில் இருந்தாள். அதை நிறுத்த இருவருமே சம்மதிக்கவில்லை. ஆக, வீட்டை விட்டு நகராமல் செய்யக்கூடிய வேலை ஒன்று வேண்டியிருந்தது. சுவாவில் இருந்த ஒரு கம்பெனி அப்படி ஒரு வேலையைக் கொடுத்தது. ஆஸ்திரேலியாவில் மின்சாரம் விற்கும் நிறுவனத்துக்காக, வாடிக்கையாளர்களின் அழைப்புகளை எடுத்துப் பேச வேண்டும். கம்ப்யூட்டரும் காதில் மாட்டும் கருவியும் அவர்களே தந்தார்கள். சுவாவை அடுத்த மகோயில் இருந்த அவர்களுடைய சிறிய சிமெண்ட் வீட்டில், சாப்பாட்டு மேசைதான் அலுவலகம் ஆனது.

வேலை அவளுக்குச் சிரமமாக இல்லை. பில்லைப் பார்த்துக் கொதித்துப்போய்ப் பேசுகிறவர்களை, கப்பலில் இடத்துக்காகச் சண்டை போட்டவர்களைச் சமாளித்த அதே நிதானத்தோடு சமாளித்தாள். சிரமமெல்லாம் வேலை தொடங்குவதற்கு முன்னால்தான் இருந்தது.

சேர்ந்த புதிதில் கம்ப்யூட்டர் தயாராக ஐந்து நிமிடம் எடுத்தது. மூன்று மாதத்தில் அது பதினைந்து ஆயிற்று. ஒரு வருடத்தில் நாற்பத்தெட்டைத் தொட்டது. பத்து மணிக்கு அவள் பெயர் அலுவலகத் திரையில் பச்சையாகத் தெரிய வேண்டும். ஒரு நிமிடம் பிந்தினாலும் தாமதம். மாதத்தில் மூன்று தாமதம் என்றால் ஒரு எச்சரிக்கைக் கடிதம். மூன்று கடிதம் சேர்ந்தால் வேலை போகும். அவளிடம் இரண்டு கடிதங்கள் இருந்தன.

அப்படியானால் சீக்கிரமே போட்டுவிட வேண்டியதுதானே என்று யாரும் கேட்கலாம். போட்டாள். ஒன்பதரைக்குப் போட்டதை ஒன்பதேகாலுக்கு, பிறகு ஒன்பதுக்கு என்று நகர்த்திக்கொண்டே போனாள். போட்டுவிட்டு எழுந்து போக முடியாது என்பதுதான் சங்கடம். கம்ப்யூட்டர் விழித்துக்கொண்டிருக்கும்போதே நடுநடுவே ஒரு வட்டம் திரையில் வரும். அதற்குள் முகத்தைக் காட்ட வேண்டும். வேறு யாரும் அவள் இடத்தில் உட்கார்ந்துவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. முன்பு இரண்டு நொடியில் முடிந்த அந்தச் சோதனை, இப்போது கம்ப்யூட்டர் மந்தமாகிவிட்டதால் ஒரு நிமிடம் வரை இழுத்தது. அதுவரை முகத்தை ஆட்டாமல் வைத்திருக்க வேண்டும். ஆட்டினாலோ, வட்டம் வரும்போது ஆள் இல்லாவிட்டாலோ, எல்லாம் அணைந்து முதலிலிருந்து தொடங்கும். வட்டம் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. ஒரு காலையில் மூன்று முறை வரும், சில நாள் நான்கு முறை.

ஆகவே ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய ஒரு மணி நேரம், எந்த வேலையும் செய்யாமல், சம்பளமும் இல்லாமல், இருண்ட திரையில் சுற்றிக்கொண்டிருக்கும் புள்ளிகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அடுப்பில் மரவள்ளிக்கிழங்கு கொதித்து வழிந்தாலும் எழ முடியாது. பக்கத்து வீட்டுக்காரி வேலியோரம் நின்று கூப்பிட்டாலும் கையை மட்டும் ஆட்டுவாள். எரோனி தன் நாற்காலியை மேசைக்குப் பக்கத்தில் தள்ளிக்கொண்டு வந்து அவளைக் கிண்டல் செய்வான்.

"கப்பல்ல ஐந்நூறு பேரை ஓட ஓட விரட்டினவ. இப்ப ஒரு பொட்டி உன்னை உக்கார வச்சிருச்சு பாரு."

"நீ பேசாம இரு. உன் மூஞ்சி உள்ள வந்தா அதுக்கும் சேர்த்து முதல்லேருந்து ஆரம்பிக்கும்," என்பாள் அவள், உதட்டை அசைக்காமல்.

உதவிக்கு என்று கம்பெனி ஒரு எண் கொடுத்திருந்தது. நான்கு முறை அழைத்தாள். வீட்டு இன்டர்நெட் சரியில்லை என்றார்கள், மாற்றினாள். தேவையில்லாத படங்களை அழிக்கச் சொன்னார்கள். அந்தக் கம்ப்யூட்டரில் அவளுடைய படம் ஒன்றுகூட இல்லை. கடைசியாகப் பேசிய பையன், அணைத்துவிட்டு மறுபடி போட்டுப் பாருங்கள் என்றான். போட்டாள். அன்றைக்குப் பத்தே முக்கால் ஆகிவிட்டது. இரண்டாவது கடிதம் அதற்காகத்தான் வந்தது. நாளாக ஆக, தப்பு தன்னுடையதாகத்தான் இருக்கும் என்று அவளே நம்பத் தொடங்கியிருந்தாள். மற்றவர்களெல்லாம் ஒழுங்காகத்தானே வேலைக்கு வருகிறார்கள்?

மார்ச் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை. விடிந்ததிலிருந்து மழை. ஒன்பதேகால் ஆவதற்குள் கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டாள். ஒன்பதே முக்காலுக்கு இரண்டாவது வட்டம் வந்தது. முகத்தை வைத்தாள். வட்டத்தைச் சுற்றிப் பச்சைக் கோடு மெதுவாக ஊர்ந்தது. அப்போது குளியலறையில் பிளாஸ்டிக் வாளி கவிழும் சத்தமும், அதைவிடக் கனமான ஏதோ தரையில் விழும் சத்தமும் கேட்டன. பிறகு எரோனியின் குரல்.

"வசே."

ஒரே ஒரு முறைதான் கூப்பிட்டான். அவள் முதுகு நிமிர்ந்தது. கால்கள் எழத் தயாராயின. முகம் மட்டும் வட்டத்துக்குள்ளேயே நின்றது. இப்போது அசைந்தால் மறுபடி நாற்பத்தெட்டு நிமிடம், பத்து மணி தாண்டும், இந்த மாதத்தின் மூன்றாவது தாமதம், மூன்றாவது கடிதம். இதையெல்லாம் வரிசையாக யோசித்தாள் என்று சொல்ல முடியாது. உடம்பு எழவில்லை, அவ்வளவுதான். பச்சைக் கோடு வட்டத்தை முழுதாகச் சுற்றி முடிக்க நாற்பது நொடி ஆனது. அதற்குப் பிறகுதான் ஓடினாள்.

அவன் ஈரத் தரையில், சுவருக்கும் நாற்காலிக்கும் இடையில் ஒருக்களித்துக் கிடந்தான். அவளைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று தானாகவே குளியல் ஸ்டூலுக்கு மாறப் பார்த்திருக்கிறான். முழங்கை கிழிந்திருந்தது, எலும்பு எதுவும் முறியவில்லை. அவனைத் தூக்கி உட்கார வைத்து, துணியைச் சுற்றிவிட்டு, அடுத்த வட்டத்துக்குள் மேசைக்கு ஓடி வந்துவிட்டாள். பத்து மணிக்குப் பெயர் பச்சையாயிற்று. முதல் அழைப்பில் அடிலெய்டிலிருந்து பேசிய ஒருவர், அங்கே மழையா என்று அன்பாக விசாரித்தார். ஆமாம், நல்ல மழை என்றாள்.

அதற்கடுத்த நாள் கிண்டல் செய்ய எரோனி மேசைப் பக்கம் வரவில்லை.

சனிக்கிழமை காலை கம்ப்யூட்டரைத் தலையணை உறைக்குள் போட்டு எடுத்துக்கொண்டு நகாசிக்குப் பஸ் ஏறினாள். அங்கே துணிக்கடை ஒன்றின் மூலையில் பிஜேந்திரா என்பவர் கம்ப்யூட்டரும் செல்போனும் பழுது பார்த்தார். ஐம்பது வயதுக்காரர். ஒரு காலத்தில் சர்க்கரை ஆலையில் எலக்ட்ரீஷியனாக இருந்தவர். கம்பெனிப் பொருளை வீட்டை விட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது என்பது விதி. அது தெரிந்தேதான் போனாள்.

பிஜேந்திரா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது கம்பெனிக்காரன் பூட்டின வீடு, தங்கச்சி. ஜன்னல் வழியா எட்டிப் பார்க்கலாம். உள்ள எதையும் தொட முடியாது."

"பார்த்தாலே போதும்ணா. என் தப்பா, அது தப்பான்னு மட்டும் தெரிஞ்சா போதும்."

போட்டார்கள். வட்டம் வந்தபோதெல்லாம் அவள் கடை மேசை மேல் குனிந்து முகத்தைக் காட்டினாள். ரோட்டிப் பொட்டலம் வாங்கி வந்து சாப்பிட்டு முடித்த பிறகும் அது விழித்தபாடில்லை. கடைசியில் விழித்ததும், பிஜேந்திரா கம்ப்யூட்டர் எழும்போது கூடவே எழும் புரோகிராம்களின் பட்டியலைத் திறந்தார். எதற்கு எவ்வளவு நேரம் போனது என்கிற பதிவையும் திறந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு நெடுநேரம் படித்தார்.

"உங்களை ஆறு பேரு பார்த்துட்டு இருக்காங்க," என்றார்.

"யாரு?"

"ஆளுங்க இல்ல. புரோகிராமுங்க. பின்னால சத்தமில்லாம ஓடுது. ஒண்ணு திரையைப் படம் எடுக்குது, ஒண்ணு நீங்க எத்தனை தடவை தட்டுறீங்கன்னு எண்ணுது, ஒண்ணு குரலைக் கேக்குது, ஒண்ணு முகம். இந்த நாலும் இப்ப உள்ள கம்பெனி போட்டது. மிச்ச ரெண்டும் பழசு."

பழசு என்றால் என்ன என்பதை அவர் பொறுமையாக விளக்கினார். இந்தக் கம்ப்யூட்டர் அவளிடம் வருவதற்கு முன் கம்பெனி வேலை செய்து கொடுத்த வேறொரு நிறுவனத்துக்காக ஓடியிருக்கிறது. அந்த ஒப்பந்தம் முடிந்துவிட்டது. அவர்கள் போட்ட கண்காணிப்புப் புரோகிராம்களை மட்டும் யாரும் எடுக்கவில்லை. அதில் ஒன்று ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் கேமராவில் படம் எடுத்து, இப்போது இல்லாத ஒரு சர்வருக்கு அனுப்பப் பார்க்கிறது. பதில் வராது. காத்திருக்கிறது. மறுபடி முயல்கிறது. அனுப்ப முடியாத படங்களை உள்ளேயே சேர்த்து வைக்கிறது. காலையில் கம்ப்யூட்டரைப் போட்டதும் சேர்ந்த படங்களையெல்லாம் முதலிலிருந்து ஒருமுறை எண்ணிப் பார்க்கிறது. அது தொடும் ஒவ்வொரு படத்தையும் வைரஸ் தடுப்பு வேறு சந்தேகப்பட்டுத் திறந்து பார்க்கிறது. மற்ற புரோகிராம்கள் எல்லாம் அதுவரை வரிசையில் நிற்கின்றன. நாளுக்கு நாள் படம் கூடுகிறது. நாளுக்கு நாள் நேரமும் கூடுகிறது.

"அப்ப என் தப்பு இல்ல?"

"உங்க இன்டர்நெட் மேலயும் தப்பு இல்ல. எடுத்துப் போட்டா அஞ்சு நிமிஷத்துல எழுந்திரும். ஆனா நான் எடுக்க முடியாது. கம்பெனி பாஸ்வேர்ட் வேணும்."

படங்கள் சேர்ந்திருந்த ஃபோல்டருக்குப் பூட்டு இல்லை. முப்பத்திரண்டாயிரத்துச் சொச்சம் படங்கள். பிஜேந்திரா ஒன்றைத் திறந்தார், இன்னொன்றைத் திறந்தார், சட்டென்று எழுந்து டீ வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டு வெளியே போனார். வசேமதா தனியாகப் பார்த்தாள். பெரும்பாலானவற்றில் அவள் முகம். பின்னால் அதே சுவர், அதே திரைச்சீலை, அதே குளியலறைக் கதவு. சிலவற்றில் காலி நாற்காலி. அதற்குப் பின்னால், உடம்பில் துணியில்லாத எரோனியை அவள் கட்டித் தூக்கிக் கதவுக்குள் கொண்டுபோகிறாள். வேலை நேரத்துக்கு முன்னாலும், அவள் இடைவேளைக்கு எழுந்துபோன போதும் அது படம் எடுத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. தேதியைப் பார்த்துப் பார்த்து அந்த வியாழக்கிழமைக்கு வந்தாள். ஒன்பது நாற்பத்தைந்துக்கு ஒரு படம் இருந்தது. முகம் நேராக, அசையாமல், வட்டத்துக்கு வேண்டிய இடத்தில். கண்கள் மட்டும் முழுக்க வலது பக்கம் ஒதுங்கியிருந்தன.

அதைத் தன் செல்போனில் படமெடுத்துக்கொண்டாள். எரோனி இருந்த படங்களில் இரண்டையும் எடுத்துக்கொண்டாள். பிஜேந்திரா திரும்பி வந்ததும் புரோகிராம்களின் பெயர்களையும், ஒவ்வொன்றும் எத்தனை நிமிடம் தின்கிறது என்பதையும் ஒரு தாளில் எழுதிக் கேட்டாள். அவர் அழகான எழுத்தில் எழுதிக் கொடுத்தார். கிளம்பும்போதுதான் அவர் தயங்கித் தயங்கி ஒன்றைச் சொன்னார்: இப்போது உள்ள கம்பெனியின் கேமராவும் காலையிலிருந்து இந்தக் கடையைத்தான் படமெடுத்திருக்கும்.

அது உண்மைதான். திங்கட்கிழமை மதியம், அவளுடைய மேற்பார்வையாளர் பிரணீதாவிடமிருந்து செய்தி வந்தது. சனிக்கிழமை கம்ப்யூட்டரோடு வெளி ஆள் ஒருவருடன் இருந்ததற்கு விளக்கம் தர, புதன்கிழமை காலை அலுவலகத்துக்கு நேரில் வர வேண்டும். வசேமதா அதை இரண்டு முறை படித்தாள். போகாமல் இருக்க வழியில்லை. போனால் என்ன கிடைக்கும் என்பதும் தெரியும். புதன்கிழமைக்குப் பக்கத்து வீட்டுக்காரியை எரோனியோடு இருக்கச் சொல்லிவிட்டு, தேவாலயத்துக்கு உடுத்தும் உடுப்பை உடுத்திக்கொண்டு சுவாவுக்குப் போனாள்.

பதினாறு மாதம் காதில் கேட்ட குரலுக்கு உரியவள் முப்பது வயதுகூட ஆகாத மெலிந்த பெண்ணாக இருந்தாள். மேசை மேல் மூன்றாவது எச்சரிக்கைக் கடிதம் தயாராக இருந்தது. பிரணீதா பேசத் தொடங்குவதற்கு முன்பே வசேமதா பிஜேந்திராவின் தாளை விரித்தாள். கதையை முழுதாகச் சொன்னாள். குரலை உயர்த்தவில்லை. பிறகு செல்போனை அவள் பக்கம் தள்ளினாள். பிரணீதா எரோனியின் படத்தைப் பார்த்தாள். உடனே செல்போனைத் திருப்பிக் கவிழ்த்து வைத்தாள். தாளை மறுபடி எடுத்து வாசித்தாள்.

"எனக்கு ஐம்பத்தஞ்சு நிமிஷம் ஆகுது," என்றாள் மெதுவாக.

"எதுக்கு?"

"எழுந்திருக்க. என் கம்ப்யூட்டர். எங்க வீட்டு வயரிங்தான் பழசுன்னு நெனச்சேன். மாமனார்கிட்ட சண்டை போட்டு மாத்த வச்சேன். இன்னும் அவரு என்கூடப் பேசறதில்ல." கடிதத்தை எடுத்து மேசை இழுப்பறைக்குள் வைத்தாள். "ஒரு வாரம் இதை நான் இன்னும் எழுதி முடிக்கலன்னு வச்சுக்குங்க அக்கா. நீங்க ஒருத்தர் சொன்னா உங்க வீட்டுப் பிரச்சினைம்பாங்க. நாளையிலேருந்து எல்லாரும் கடிகாரம் வச்சுப் பாருங்க."

வசேமதாவுக்கு எண் தெரிந்தவர்கள் ஏழு பேர். அந்த ஏழு பேருக்கும் செய்தி போட்டாள். அவர்கள் தங்களுக்குத் தெரிந்தவர்களுக்குப் போட்டார்கள். லாமியில் ஒருத்தி, நதேராவில் அண்ணன் தங்கை இருவர், நவுசோரியில் ஒரு கைக்குழந்தைக்காரி என்று பிரணீதாவையும் சேர்த்து இருபத்து மூன்று பேர் சேர்ந்தார்கள். ஒவ்வொருவரும் தன் வீட்டில் மட்டும்தான் கோளாறு என்று நினைத்து வெளியே சொல்லாமல் இருந்திருக்கிறார்கள். கைக்குழந்தைக்காரி, வட்டத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டே பால் கொடுக்கப் பழகியிருந்தாள். ஐந்து நாள், சமையலறைக் கடிகாரத்தைப் பார்த்து, எப்போது போட்டது, எப்போது தயாரானது என்று எழுதி அனுப்பினார்கள். முப்பத்தெட்டுக்குக் குறைந்து ஒருவருக்கும் இல்லை.

பிரணீதா அந்தப் பட்டியலையும் பிஜேந்திராவின் தாளையும் இணைத்து ஆஸ்திரேலியாவில் இருந்த கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினாள். வசேமதாவின் சம்மதத்தோடு ஒரு படத்தையும் சேர்த்தாள். எரோனி முகம் தெரியாதபடி மறைத்திருந்தது. பதில் மூன்றே வரியில் வந்தது. அந்தப் பழைய புரோகிராம்களை எப்போதோ எடுத்திருக்க வேண்டும், கவனிக்காமல் விட்டுவிட்டோம், வார இறுதியில் எடுத்துவிடுகிறோம், வருந்துகிறோம். படங்களை அழித்துவிட்டதாக இன்னொரு கடிதமும் பிறகு வந்தது.

அந்தத் திங்கட்கிழமை கம்ப்யூட்டர் பதினேழு நிமிடத்தில் எழுந்தது. பார்த்துக்கொண்டிருந்த ஆறு பேரில் மீதி நான்கு பேரும் உள்ளேதான் இருந்தார்கள். வட்டமும் இருந்தது. வசேமதாவின் மூன்றாவது கடிதத்தைப் பிரணீதா ரத்து செய்தாள். முதல் இரண்டையும் திரும்பப் பெற மேலிடம் ஒப்புக்கொள்ளவில்லை. தாமதம் தாமதம்தான் என்றார்கள். கம்ப்யூட்டரை வீட்டை விட்டு வெளியே எடுத்துப் போவதில்லை என்று எல்லோரிடமும் புதிதாகக் கையெழுத்து வாங்கினார்கள். அவளும் போட்டாள். போடாவிட்டால் மாலையே ஆள் வந்து கம்ப்யூட்டரை எடுத்துக்கொண்டு போய்விடுவான்.

மிச்சமான அரைமணி நேரத்தை என்ன செய்வதென்று முதல் நாள் அவளுக்குத் தெரியவில்லை. எரோனியைக் குளிப்பாட்டி முடித்த பிறகும் நேரம் இருந்தது. அவன் தலையைத் துவட்டிக்கொண்டே நின்றாள். அவனே பேச்சைத் தொடங்கினான்.

"அன்னிக்கு நீ உடனே வரமாட்டேன்னு எனக்குத் தெரியும் வசே."

அவள் கை நின்றது.

"கூப்பிட்ட உடனேயே தெரிஞ்சு போச்சு. அதான் ரெண்டாவது தடவை கூப்பிடல. கூப்பிட்டா நீ வந்திருவே. வேலை போயிரும்." பிறகு சேர்த்தான்: "கோபம் இல்லைன்னு சொல்லமாட்டேன். இருந்துச்சு. உன் மேலயா, அது மேலயா, என் கால் மேலயான்னு பிரிச்சுப் பார்க்கத் தெரியல."

வசேமதா குளியலறை வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். தான் நாற்பது நொடி அசையாமல் இருந்ததைச் சொன்னாள். செல்போனில் அந்தப் படம் இருப்பதைச் சொன்னாள். அவன் காட்டச் சொன்னான். பார்த்தான். முகம் நல்லாத்தான் விழுந்திருக்கு, கண்ணுதான் ஓடிப்போச்சு என்றான். அவள் சிரிக்கவில்லை. அழவும் இல்லை. படத்தை அழித்துவிடவா என்று கேட்டாள். வேண்டாம், இருக்கட்டும் என்றான்.

அந்த வாரம் மேசையைத் திருப்பிப் போட்டார்கள். இப்போது அவள் உட்கார்ந்தால் குளியலறைக் கதவு நேர் எதிரே தெரியும்; கேமராவுக்குத் தெரிவது அவளுக்குப் பின்னால் இருக்கும் வெறும் சிமெண்ட் சுவர்தான். கைப்பிடிக் கம்பி ஒன்றைக் குளியலறைச் சுவரில் பிஜேந்திரா வந்து பதித்துக் கொடுத்தார்.

ஆகஸ்டு மாதத்தில் கம்பெனியிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. கம்ப்யூட்டர்கள் எழ எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பதை இனி தாங்களே அளக்கப் போவதாகவும், அதற்கென்று ஒரு புதிய புரோகிராமை எல்லோருடைய கம்ப்யூட்டரிலும் சேர்த்திருப்பதாகவும் சொன்னது. மறுநாள் காலை வசேமதாவின் கம்ப்யூட்டர் எழ இருபத்தாறு நிமிடம் ஆயிற்று. எழுந்த பிறகும் வட்டம் இன்னொரு முறை கூடுதலாக வந்தது. முகத்தை அதற்குள் வைத்தபடியே, குனியாமல், மேசைக்குக் கீழே மடியில் இருந்த செல்போனில் கட்டைவிரலால் இருபத்து மூன்று பேருக்கும் நேரத்தைத் தட்டி அனுப்பினாள். ஒவ்வொன்றாகப் பதில் வரத் தொடங்கியது. முதல் பதில் பிரணீதாவுடையது: எனக்கு முப்பத்தொண்ணு.